அருகில் உள்ள சாதனங்கள்

இரண்டு மாதமாக ஊமை ஆட்டம்.
கோல் விழும், எண்பதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள்,
ஒருத்தர் வாயிலும் சத்தமிருக்காது.
ஒற்றை அறை வீடு. கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே
ஒரு ஸ்டூல், அதில் நான்.
முதுகுக்குப் பின்னால் சுகிர்தா,
ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட் முடித்து
செருப்பைக்கூடச் சேர்த்து விடாமல் விழுந்தவள்.

பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின்
ஒரு மணிக்கு ஓடத் தொடங்கும்.
இரண்டு மணிக்கு போஜண்ணன் கூப்பிடுவார்,
லோடு ரெடி, வண்டியை எடு.
அதுவரை தூங்கமாட்டேன்.
தூங்கினால் எழமாட்டேன்.

ஓவர்டைம் காசில் அவள்தான் வாங்கி வந்தாள்,
வயரில்லாத ஹெட்போன்.
தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு
என் காதில் மாட்டினாள்.

ஊட்டி லாட்ஜ் ஒன்றிலிருந்து கைமாறி வந்த
பழைய கேம் பெட்டிக்கு அதைப் பிடிக்கவில்லை.
இந்தச் சாதனத்தை ஏற்க இயலாது என்றது,
தாலுகா ஆபீஸ் மாதிரி, மரியாதையாக.
மறுபடி கேட்டேன். மறுபடி அதே மரியாதை.

குன்னூர் பெட்போர்டில் ஒரு கடைக்காரர்
சுண்டுவிரல் நகமளவு துண்டு ஒன்றைத் தந்தார்.
"இதச் சொருகுங்க. பொட்டிகிட்ட நான் வயருன்னு பொய் சொல்லும்.
ஹெட்போன்கிட்ட நான் போனுன்னு பொய் சொல்லும்.
ரெண்டு பொய்க்கு நடுவுல உங்களுக்குச் சத்தம் வரும்."
அறுநூற்றைம்பது ரூபாய்.

நேற்று ராத்திரி
மேகம் ஜன்னல்வரை வந்து நின்றது.
சொருகினேன். துண்டு அவசர அவசரமாகச் சிமிட்டியது.
ஹெட்போன் பொத்தானை ஏழு நொடி பிடிக்க வேண்டும்,
நான் மூன்றில் விட்டுவிட்டேன்.
மூன்று நொடி என்றால் அது பழைய உறவைத் தேடிப் போகும்.
போனது,
தலையணைக்கடியில் கிடந்த அவள் போனுக்கு.

காதில் ஒரு பெண் குரல்.
முன்பு படித்ததைச் சொல்லிப் பார்ப்போம்.
இஷ் ஹைஸே. என் பெயர்.
பிறகு ஓர் இடைவெளி, நாம் திருப்பிச் சொல்ல.
இஷ் கொம்மே அவுஸ். நான் வருவது இந்த ஊரிலிருந்து.
இடைவெளி.

ராத்திரியில் முணுமுணுக்கும் அந்தச் சத்தத்தை
ஜெபம் என்றே நினைத்திருந்தேன்.
நான் கேட்கவில்லை. அவள் பொய்யும் சொல்லவில்லை.

டாஸ் ஃபென்ஸ்டர். ஜன்னல்.
திரும்பி ஜன்னலைப் பார்த்தேன்.
டெர் நேபல். மூடுபனி.
அதை மட்டும் வாய்க்குள் சொன்னேன்,
உதடு ஒருமுறை மூடித் திறந்தது.

சத்தம் என் காதுக்கு வந்துவிட்டதால் அவள் புரண்டாள்,
இன்ஜின் அணைந்ததும் கிளீனர் விழிப்பதுபோல்.
ஹெட்போனை அணைத்தேன். பாடம் அவளிடம் திரும்பவில்லை,
நின்ற இடத்திலேயே நின்றது.
தலையணைக்கடியில் கைவிட்டுப் போனை இழுத்தேன்.
பூட்டிய திரையில்
செவிலியருக்கான ஜெர்மன், பாடம் பதினொன்று.
பத்துப் பாடம் என் முதுகுக்குப் பின்னால் முடிந்திருக்கிறது,
நான் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது.
அந்தச் சின்ன முக்கோணத்தைத் தொட்டேன்.
டெர் ரேகன், மழை, என்றது போன்.
அவள் அடங்கினாள்.

பிறகு ஏழு நொடி, சரியாக எண்ணி.
சிவப்பு நீலம், சிவப்பு நீலம்,
நீலம் மட்டும்.
எண்பதாயிரம் பேர் ஒன்றாக வாயைத் திறந்தார்கள்,
இரண்டு மாதக் கூச்சலும் மொத்தமாக.
மூன்று கோல் வாங்கினேன்.

போஜண்ணன் கூப்பிட்டது காதில் விழவில்லை.
மூன்றாவது தடவை வெளிச்சத்தைப் பார்த்து எடுத்தேன்.
வசவு தெளிவாகக் கேட்டது.

பர்லியாறுக்கு மேலே, மேகத்துக்குள்
ஹெட்லைட் பத்தடிதான் போனது.
பின்னால் நாலு டன் ஈரக் கேரட்.
வைப்பர் ஒருதரம் போய்த் திரும்பும் நேரம்
அந்த இடைவெளி அளவே இருந்தது.
இஷ் கொம்மே அவுஸ் கேத்தி, என்றேன்.
வைப்பர் போய் வந்தது.

எங்கே போகிறாய் என்று கேட்பது எப்படி,
அடுத்த பாடத்தில்,
என்றிருந்தது அந்தக் குரல்.